படகு இறக்கும் முன் 'பேக்கேஜ்': பினாங்கில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பத்து மாவுங் தொடங்கி அக்கரையில் பிறை ஆற்றங்கரை வரை, படகு பார்க்கும் பட்டறைகளில் அக்டோபர் பிறந்ததும் காதில் விழும் சொல் 'பேக்கேஜ்', அதாவது படகைக் கடலில் இறக்கும் முன் மொத்த விலைக்குச் செய்துதரும் பராமரிப்பு. குளிர்நாட்டுக்காரர்கள் வசந்தம் வந்ததும் படகை இறக்குவார்கள். இங்கே கணக்கு மழையோடு. செப்டம்பர், அக்டோபர் மழை ஓய்ந்து, விடியலில் சுமத்ரா பக்கமிருந்து கிளம்பிவரும் சூறைக்காற்றும் அடங்கினால், டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை தீவைச் சுற்றிக் கடல் பொதுவாகச் சாந்தமாக இருக்கும். ஜெரெஜாக்கைச் சுற்றிவரவும் கெண்டித் தீவுப் பக்கம் தூண்டில் போடவும் அதுதான் காலம். அதற்கு முன்னால் பழைய படகு ஒன்றை வாங்கியவர்கள் பட்டறை வாசலில் நிற்பார்கள்.

பேக்கேஜில் என்ன இருக்கும்? பிரஷர் வாஷ், வேக்ஸ் பாலிஷ், என்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், அடியில் ஆண்டிஃபவுலிங் (பாசியும் கொட்டலசும் பிடிக்காமல் தடுக்கும் பூச்சு) ஒரு கோட், கடைசியாக 'ஜெனரல் செக்கிங்'. பட்டறைக்குப் பட்டறை விலை மாறும், பட்டியல் பெரிதாக மாறாது. 18 முதல் 22 அடி ஃபைபர் படகு, பின்னால் 60 முதல் 115 குதிரைசக்தி நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகுக்கு வெளியே மாட்டும் மோட்டார்) என்று வைத்துக்கொண்டு, இந்தப் பட்டியலையும் அதில் போடும் பொருள்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: பேக்கேஜ் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் காசைக் கொட்டுகிறது. படகு மூழ்குவதும் நடுக்கடலில் நிற்பதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

இணையத்தில் கிடைக்கும் இறக்குமுன் பட்டியல்களில் பாதி நமக்கு வேண்டாம். ஆண்டிஃப்ரீஸை வடிப்பது, பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பது எல்லாம் தண்ணீர் உறையும் ஊருக்கு. நம் படகைக் கெடுப்பது வெயிலில் சும்மா நிற்பது. ரப்பர் இறுகும், பெட்ரோல் கெடும், மழைத்தண்ணீர் அடியில் தேங்கும், உப்பு வேலை செய்துகொண்டே இருக்கும்.

பேக்கேஜில் இல்லாததும், முதலில் செய்ய வேண்டியதும் வாட்டர் பம்ப், மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றுவது. ஒரே நிலையில் மாதக்கணக்கில் நின்ற இம்பெல்லரின் (பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரம்) இதழ்கள் வளைந்தபடியே இறுகிவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும், தண்ணீர் ஏற்றாது. பழைய படகில் அது எப்போது மாற்றப்பட்டது என்று விற்றவர் சொல்லுவதை நம்பி ஓட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள். கடையில் இரண்டு விதம் கிடைக்கும்: இம்பெல்லர் மட்டும் இருக்கும் மலிவுப் பாக்கெட், இம்பெல்லரோடு அது சுழலும் எஃகுக் கிண்ணம், அடித்தகடு, சாவி, கேஸ்கெட், ஓ-ரிங் எல்லாம் சேர்ந்த முழு கிட். பினாங்குக் கால்வாய் சேற்றுத் தண்ணீர். அந்த மண் கிண்ணத்தையும் தகட்டையும் கீறிவைத்திருக்கும், கீறிய கிண்ணத்தில் புது ரப்பரைப் போட்டால் அழுத்தம் ஓரமாகக் கசியும். முழு கிட்டையே வாங்குங்கள். யமஹா ஒரிஜினல் கிட் விலை கூடுதல்தான், ஆனால் எல்லாத் துண்டும் இருக்கும், பொருந்தும். அந்தக் காசு தகும்.

வேலை ஒன்றும் மந்திரம் இல்லை. கியரை மோட்டாரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் நிலையில் வைத்து, ஷிஃப்ட் கம்பியைக் கழற்றி, கீழ்க்காலின் (தண்ணீருக்குள் நிற்கும் கியர் பகுதி) போல்ட்டுகளை எடுக்க வேண்டும். பல மாடல்களில் ஒரு போல்ட் டிரிம் டேபுக்கு (புரொப்பெல்லருக்கு மேலே உள்ள சின்னத் துடுப்பு) உள்ளே ஒளிந்திருக்கும். அதைத் தெரியாமல் நெம்பி உடைத்தவர்கள் உண்டு. புது இம்பெல்லரைக் கிண்ணத்தில் இறக்கும்போது டிரைவ் ஷாஃப்டைக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே அழுத்தினால் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும், பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். ஷாஃப்டின் பல்வரிகளில் மரைன் கிரீஸ் தடவலாம், உச்சிமுனையில் தடவக் கூடாது. அங்கே கிரீஸ் சிறைப்பட்டால் கால் முழுதாக உட்காராது, போல்ட்டை இறுக்கும்போது கிராங்க்கைத் தள்ளும். பழைய இம்பெல்லரில் ஒரு இதழ் குறைந்தால், அந்தத் துண்டு என்ஜினுக்குள் எங்கேயோ இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் தெர்மோஸ்டாட் வாசலில் அடைத்துக்கொள்ளும். அதைத் தேடி எடுக்காமல் மூடக் கூடாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய கையோடு ஒரு சட்டி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். திறந்தால் வைக்கலாம், இல்லையென்றால் தூக்கிப் போடலாம்.

கரையில் ஓட்டிச் சோதிக்க இயர்-மஃப் (மோட்டார் தண்ணீர் இழுக்கும் துளைகளைக் கவ்வி, குழாய்த் தண்ணீர் கொடுக்கும் ரப்பர்க் கிண்ணம்) போதும். ஆனால் குழாயைத் திறந்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும், நியூட்ரலில் ஐடிலுக்கு மேல் ஏற்றக் கூடாது, புரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும். மோட்டார் உடலில் தோட்டத்து ஹோஸ் மாட்ட ஒரு தனி வாய் இருக்கும். யமஹாவில் அது என்ஜின் நின்றிருக்கும்போது உப்பைக் கழுவுவதற்கு. அதை மாட்டிக்கொண்டு என்ஜினை ஓட்டினால் பம்புக்குத் தண்ணீர் சரியாகப் போகாது. புது இம்பெல்லரை ஒரே நாளில் கருக்கிவிடும் தவறு இதுதான், பட்டறைப் பையன்களே செய்கிறார்கள்.

கியர் ஆயிலை மாற்ற வேண்டும் என்றால் சில மெக்கானிக்குகள் "தக் பாயா லா, பாஸ்" (தேவையில்லை) என்று கையை ஆட்டுவார்கள். விடாதீர்கள். இரண்டு ஸ்குரூ, பத்து நிமிட வேலை, மோட்டாரின் உடல்நலம் முழுக்க அதில் தெரியும். கீழ் ஸ்குரூவைத் திறந்து வடிப்பதை வெள்ளைப் பாத்திரத்தில் பிடியுங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு ஆயில் சீலை அறுத்திருக்கும். காந்தம் ஒட்டிய ஸ்குரூவில் மாவுபோல் கரும்பசை இருப்பது இயல்பு, செதில் செதிலாக இரும்பு இருந்தால் பல்சக்கரம் போகிறது. புது ஆயிலைக் கீழ் ஓட்டையிலிருந்து மேல்நோக்கி ஏற்ற வேண்டும், மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் வழியும்வரை. பிறகு மேல் ஸ்குரூவை முதலில் மூடி, கீழதை வேகமாக மூடினால் ஆயில் கொட்டாது. இரண்டுக்கும் புது வாஷர். காசு மிச்சம் என்று கார் கியர் ஆயிலை ஊற்றுவது உண்டு. மரைன் ஹைப்பாய்டு ஆயில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் பல்லைக் காக்கும்படி செய்யப்பட்டது, காருக்கு அந்த அவசியம் இல்லை.

என்ஜின் ஆயிலுக்கும் அதே கதை. போத்தலில் 'எஃப்சி-டபிள்யூ' (FC-W, நான்கு ஸ்ட்ரோக் படகு மோட்டார் ஆயிலுக்கான தரச்சான்று) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். யமாலூப் மரைன் ஆயிலிலோ குயிக்சில்வரிலோ இருக்கும், பெட்ரோல் நிலைய அலமாரியில் இருக்கும் கார் ஆயிலில் இருக்காது. துருத்தடுப்பு அதில்தான் வித்தியாசம். ஃபில்டரும் சேர்த்து மாற்றினால் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், டிப்ஸ்டிக்கைப் பார்த்து நிறுத்துங்கள். அதிகம் ஊற்றுவது குறைவாக ஊற்றுவதைவிடப் பரவாயில்லை என்பது தவறு. பேக்கேஜின் இந்தப் பகுதி நியாயம்தான், ஒரு நிபந்தனையோடு: போத்தலையும் பழைய ஃபில்டரையும் பையில் போட்டுக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கத் தயங்கும் பட்டறையில் மற்ற வேலைகளையும் சந்தேகிக்கலாம்.

பெட்ரோல். வாங்கிய படகின் டாங்கில் என்ன இருக்கிறதோ, அதை நம்பக் கூடாது. வார்னிஷ் வாடை அடித்தால் முழுக்க வடித்துவிட வேண்டும். பழைய பெட்ரோலைப் புதிதாக்கும் என்று விற்கும் மருந்துகளுக்கு நாங்கள் மதிப்பெண் தர மாட்டோம். நல்ல பெட்ரோல் கெடாமல் வைக்க அவற்றில் சில உதவும், கெட்டதை மீட்காது, அடியில் தங்கிய தண்ணீரையும் எடுக்காது. தண்ணீருக்கு மருந்து ஃபில்டர்தான்: 10 மைக்ரான் நீர்பிரிப்பான், டாங்குக்கும் மோட்டாருக்கும் நடுவில். ரேகார் பிராண்டில் கண்ணாடிபோல் தெரியும் கிண்ணம் வைத்தது அவுட்போர்டுக்கு மிக வசதி, தண்ணீர் சேர்ந்தால் பார்த்தவுடன் தெரியும். மூடிய அறைக்குள் என்ஜின் உள்ள படகுக்கு அந்தப் பிளாஸ்டிக் கிண்ணம் ஆகாது, தீப்பிடித்தால் உருகிவிடும். அதற்கு உலோகக் கிண்ணம் உண்டு. டாங்கின் மூச்சுக்குழாய் வாயையும் பாருங்கள், மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் வருகிறது. பிரைமர் பந்தை (பெட்ரோல் ஹோஸில் கையால் அழுத்தி ஏற்றும் ரப்பர்ப் பந்து) அம்புக்குறி மேல்நோக்கி இருக்கப் பிடித்து அழுத்தினால் இறுக வேண்டும். இறுகாமல் தொளதொளவென்றிருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது உள்ளே வால்வு போயிற்று. ஹோஸை வளைத்துப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் மீட்டர் கணக்கில் மரைன் ஹோஸ் வாங்கி முழுக்க மாற்றுங்கள். ஒட்டுப்போடும் இடம் இது இல்லை.

இனி, படகை மூழ்கடிக்கும் சமாச்சாரம். தண்ணீர்மட்டத்துக்குக் கீழே உடலைத் துளைத்துக்கொண்டு போகும் ஒவ்வொரு பொருத்தையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சரக்குப் பெட்டி அளவுள்ள சின்னப் படகில்கூட லைவ் வெல் (மீனை உயிரோடு வைக்கும் தொட்டி), பில்ஜ் (படகின் அடிக்குழி), டெக் வடிகால் என்று நாலைந்து இருக்கும். முந்தைய உரிமையாளர் ஹார்ட்வேர் கடையில் வீட்டுக் குழாய்க்கு விற்கும் பித்தளை வால்வை மாட்டியிருந்தால், உப்பு அதிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிடும். நிக்கல் முலாம் பூசியதால் வெளியே பளபளவென்றிருக்கும். சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த நிறம் வந்தால் ஒரு தட்டில் கையோடு வரும். வெண்கலம் அல்லது மாரலான் (இழை கலந்த வலுவான நைலான்) தவிர வேறு எதையும் அங்கே வைக்காதீர்கள். ஹோஸ் கிளிப்புகள் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு, பட்டையில் 316 (கடலுக்கு ஏற்ற துருப்பிடிக்காத எஃகு) என்று முத்திரை குத்தியது. மலிவு கிளிப்பில் பட்டை நல்ல எஃகாகவும் ஸ்குரூ மட்டும் சாதா இரும்பாகவும் இருக்கும். காந்தத்தை ஸ்குரூவில் வையுங்கள், பச்சென்று பிடித்தால் அது குப்பைக்கு.

ஒட்டுப்பசையில் பட்டறைகளுக்குப் பிடித்தது 3எம் 5200. பேர் பெற்ற சரக்கு, பிடிப்பும் அபாரம். அதுதான் குறையும். நிரந்தரமாகப் பிடிக்கும்படி செய்தது, நாளை அந்தப் பொருத்தைக் கழற்ற வேண்டுமென்றால் ஜெல்கோட்டையும் (ஃபைபர் உடலின் மேல்பூச்சு) பெயர்த்துக்கொண்டு வரும். கழற்ற வாய்ப்புள்ள எதற்கும் 4200 அல்லது சிக்காஃப்ளெக்ஸ் 291 போதும். மூன்றும் காற்றின் ஈரத்தில் உலர்பவை என்பதால் பினாங்கில் நன்றாகவே காயும். அதே ஈரம் திறந்த டியூபை அடுத்த வேலைக்கு முன் கல்லாக்கிவிடும், அதனால் சின்ன டியூபாக வாங்குவது லாபம். குளியலறை சிலிகான் வேண்டவே வேண்டாம். தாங்காது என்பதோடு, அது பட்ட இடத்தில் பிறகு வேறு பசையும் பெயிண்டும் ஒட்டாது.

பில்ஜ் பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைக் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடு படியுங்கள். ரூல் 1100 என்றால் மணிக்கு 1,100 அமெரிக்க காலன், சுமார் 4,160 லிட்டர். அது மேலே ஏற்றாமல், ஹோஸ் இல்லாமல், 13.6 வோல்ட்டில். உண்மையில் ஒரு மீட்டர் உயரமும் வளைந்த ஹோஸும் 12 வோல்ட் பேட்டரியும் சேர்ந்தால் பாதிக்குப் பக்கமாகக் கூட இறங்கலாம். இப்போது எதிர்ப்பக்கக் கணக்கு: தண்ணீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் பொருத்து ஒன்று முறிந்தால், நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும், மணிக்கு சுமார் 2,500 லிட்டர். ஒரு ரூல் 1100 அதைச் சமாளித்தாலும் மயிரிழையில்தான். பம்ப் நல்லது, நம்பகமானது, வாங்கலாம். இரண்டாக வாங்குங்கள். உட்பக்கம் வழவழப்பான ஹோஸ் போடுங்கள், மடிப்பு மடிப்பான ஹோஸ் ஓட்டத்தைத் திருடும். ஃப்ளோட் சுவிட்ச் மெயின் சுவிட்சைத் தாண்டி நேரே பேட்டரிக்கு, தனி ஃபியூஸோடு. வயர் ஈயமுலாம் பூசிய மரைன் வயர், இணைப்பு பசையுள்ள ஹீட்-ஷ்ரிங்க் உறையோடு பில்ஜுக்கு மேலே. கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு எதைப் பார்த்தாலும் வெட்டி எறியுங்கள்.

பேட்டரிக்கு ஒரே வரி: ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி காலி, ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் புதுசு. முனையில் பட்டாம்பூச்சி நட்டு இருந்தால் எடுத்துவிட்டு நைலான் பூட்டு நட்டு போடுங்கள், அதிர்வில் தளராது.

அனோடு (மோட்டாரின் உலோகத்துக்குப் பதில் தான் அரிந்து கரையும் கட்டி) விஷயத்தில் பினாங்குக்கு ஒரு திருத்தம். கடையில் கேட்டால் துத்தநாகத்தைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். திறந்த கடலில் அது சரி. பிறை ஆற்றுவாய்போல் உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் கட்டிவைக்கும் படகுக்கு அலுமினிய அனோடே பொருத்தம், துத்தநாகத்தின் மேல் ஓர் ஓடு படிந்து வேலையை நிறுத்திவிடும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். பெயிண்ட் அடிக்கும் பையன் அனோடையும் சேர்த்து அடித்துவிடுவான், பக்கத்தில் நின்று தடுக்க வேண்டிய ஒரே இடம் இதுதான்.

பெயிண்டுக்கு வந்துவிட்டோம், பேக்கேஜில் மிகப் பெரிய தொகை இதற்குத்தான். முதல் கேள்வி: படகு தண்ணீரிலேயே கிடக்குமா, டிரெய்லரில் வீட்டுக்கு வருமா? டிரெய்லர் படகுக்கு ஆண்டிஃபவுலிங் வீண்செலவு, நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். ஸ்ட்ரேட்ஸ் கீ மரினா போன்ற இடத்தில் கட்டிவைத்தால் கட்டாயம் வேண்டும். நம் தண்ணீரின் சூட்டில் பூச்சு இல்லாத அடிப்பாகத்தில் சில வாரங்களிலேயே கொட்டலசு பிடித்துவிடும், வேகம் போகும், எண்ணெய் தின்னும்.

பேக்கேஜில் தரும் ஒரு கோட் போதாது. மெதுவாகக் கரையும் வகைப் பூச்சு எத்தனை நாள் உழைக்கும் என்பது அதன் கனத்தைப் பொறுத்தது. முழுக்க இரண்டு கோட், தண்ணீர்மட்டக் கோட்டிலும் முன் விளிம்பிலும் மூன்றாவது. அளவுக்கு எளிய கணக்கு: நீளம் பெருக்கல் அகலம் பெருக்கல் 0.85. 6 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம் என்றால் சுமார் 11 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 9 சதுர மீட்டர் பிடிக்கும், ஆக 3 லிட்டர் வாங்கினால் நிறைவு. பில்லில் 5 லிட்டர் இருந்தால் கேள்வி கேளுங்கள், ஒரு லிட்டர் இருந்தால் அதைவிடக் கூடுதலாகக் கேளுங்கள்.

எந்த பிராண்ட்? இன்டர்நேஷனல், யோட்டுன், ஹெம்பல் மூன்றும் மலேசியாவில் கிடைக்கும். படகுக்கென்று விற்கும் வரிசையைக் கேட்டு வாங்குங்கள். பட்டறைகள் மலிவு என்று பெரிய கப்பல்களுக்கான சரக்கை 20 லிட்டர் டின்னிலிருந்து பிரித்து அடிப்பதுண்டு. அது நாள் முழுக்க வேகத்தில் ஓடும் கப்பலில் தண்ணீர் உராய்ந்து கரையும்படி செய்தது. வாரக்கடைசியில் மட்டும் ஓடும் படகில் கரையாமல் நிற்கும், மேலே பாசி மூடும். டின்னைத் திறந்தவுடன் அடிவரை கிளறாமல் ஊற்றினால் நச்சு முழுவதும் அடியில் தங்கி, உங்கள் படகில் வெறும் நிறம்தான் ஏறும். பழைய பூச்சு என்ன வகை என்று தெரியாவிட்டால் இடையில் பிரைமோகான் போன்ற பிரைமர் ஒரு கோட் அவசியம், இல்லாவிட்டால் தகடு தகடாக உரியும். தேய்ப்பது 80 கிரிட் தாளால், தண்ணீர் விட்டு, முகமூடியோடு. உலர்த்தேய்த்தால் அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகும் விஷம். புது ஃபைபர் உடல் என்றால் முதலில் வேக்ஸை நீக்கும் திரவத்தால் துடைத்த பிறகே தாளைத் தொட வேண்டும். காலையில் பனி ஈரம் காய்வதற்கு முன்னும், உச்சி வெயிலில் உடல் கையைச் சுடும்போதும் அடிக்கக் கூடாது. நடுவே கிடைக்கும் நேரம் குறைவுதான், அதனால்தான் இரண்டாவது கோட்டைப் பட்டறைகள் தட்டிக்கழிக்கின்றன.

அவுட்போர்டின் காலில் செம்பு ஆக்சைடு கலந்த பூச்சைத் தொடவிடாதீர்கள், செம்பும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் சாகும். அதற்கென்று தனிப் பூச்சு ஸ்ப்ரே டின்னில் வரும்.

பாலிஷ்? வேண்டாம். அந்தக் காசில் டிரான்சத்தை (மோட்டார் மாட்டும் பின்சுவர்) தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் சுத்தியால் தட்டினால் டக் டக்கென்று கூர்மையாக ஒலிக்க வேண்டும், மொத்தையாக ஒலித்தால் உள்ளே பிளைவுட் ஊறியிருக்கிறது. மோட்டாரின் காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தும்போது டிரான்சம் அசைந்தாலும், போல்ட் ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தாலும், படகை இறக்கும் பேச்சை அதோடு நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மிச்சம் சில: உயிர்காப்புச் சட்டை தானே ஊதும் வகையாக இருந்தால் உள்ளிருக்கும் ஈரமறியும் குண்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள், நம் ஈரக்காற்றில் அலமாரியிலேயே ஊதிக்கொள்ளும். கில் சுவிட்ச் (ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்துவது) கயிற்றைக் கழற்றி என்ஜின் நிற்கிறதா என்று சோதியுங்கள். உரிமத்தில் பெயர் மாற்றத்தை ஜபாத்தான் லாவுட்டில் (கடல்துறை அலுவலகம்) முடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பேரிங் சூடாக இருக்கும்போதே தண்ணீருக்குள் தள்ளினால் உள்ளே உப்புநீரை உறிஞ்சிவிடும், சாய்தளத்தில் பத்து இருபது நிமிடம் ஆறவிடுங்கள்.

இறக்கும் நாளில் கடலேற்றம் பார்த்து வாருங்கள். பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாள்களில் இங்கே ஏற்ற இறக்க வித்தியாசம் 2 மீட்டரைத் தொடும், இறக்கத்தில் பல சாய்தளங்களின் நுனி சேற்றில் முடியும். அடி அடைப்பானைப் போட்டுவிட்டீர்களா என்று இருவர் தனித்தனியாகப் பாருங்கள், ஒரு உபரி அடைப்பான் சாவிக்கொத்தில் தொங்கட்டும். மிதந்ததும் டிரெய்லரை எடுத்துச் சென்றுவிடாமல் அரைமணி நேரம் அங்கேயே கட்டி, தரைமூடிகளைத் திறந்து, ஒவ்வொரு பொருத்தையும் காய்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு டிஷ்யூவில் தெரியும்.

மோட்டார் புதிது என்றால் பேக்கேஜ்காரர் அன்றே முழு வேகம் காட்டுகிறேன் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். யமஹா நான்கு ஸ்ட்ரோக்குக்கு முதல் ஒரு மணி நேரம் 2,000 சுற்றுக்குள், அடுத்த ஒரு மணி நேரம் 3,000-க்குள், அதன் பிறகு எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஒரே மூச்சில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. அந்தப் பத்து மணி நேரம் முடிந்த பிறகே புரொப்பெல்லரைச் சோதிக்கலாம்: வழக்கமான ஆள் கனம், பெட்ரோல், ஐஸ் பெட்டியோடு முழு வேகத்தில் எத்தனை சுற்று வருகிறது? எஃப்60-க்கு 5,000 முதல் 6,000-க்குள் வர வேண்டும். 4,600-இல் நின்றால் மோட்டார் திணறுகிறது, பிட்சை (புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) இரண்டு அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 400 சுற்று ஏறும். பழைய புரொப்பெல்லரைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே பேசிவையுங்கள்.